லெயோனி துப்பவில்லை

எங்கள் சேன்-ஓஸ்வால் ஊரில் கடவுள் உண்டா இல்லையா என்று ஒருவன் சந்தேகப்படலாம். ஏப்ரல் பாதி ஆகியும் பனி உருகாத வருஷங்களில் பாதிரியாரே சந்தேகப்பட்டிருக்கிறார். மேப்பிள் பாகைப் பற்றி மட்டும் யாரும் சந்தேகப்படக் கூடாது. அதற்கென்று மேப்பிள் தூய்மைப் பேராயம் இருக்கிறது. மரம் எங்களுடையது. துளை போட்டு வாளி மாட்டுவது நாங்கள். வாளியில் வடியும் மரநீரை விறகுப் புகையில் கண் எரியக் காய்ச்சுவதும் நாங்கள்தான். ஆனால் பீப்பாயில் இருப்பது பாகு என்று பேராயம் சொன்னால்தான் அது பாகு. அதுவரைக்கும் அதன் பெயர் ‘தீர்மானிக்கப்படாத இனிப்புத் திரவம்’. நானும் வருஷா வருஷம் அந்தத் திரவத்தைத்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கைகட்டி நிற்கிறேன்.

தீர்மானிப்பதற்குப் பேராயத்திடம் ஒரு நாக்கு இருந்தது. உவமை இல்லை, பதவியின் பெயரே நாக்கு. அதில் வெகுகாலம் இருந்தவள் லெயோனி. ஒரு கடி ரொட்டி, ஒரு மடக்கு வெந்நீர், பிறகு ஒரு கரண்டி பாகு. வாயில் உருட்டுவாள், மூக்கால் காற்றை இழுப்பாள், கண்ணை மூடுவாள், பக்கத்தில் இருக்கும் வெள்ளிப் படிக்கத்தில் துப்புவாள். அப்புறம்தான் ரகம் சொல்வாள். விழுங்கக் கூடாது என்பது பேராயத்தின் முதல் விதி. விழுங்கினால் பிடித்துப்போகும், பிடித்துப்போனால் நடுநிலை கெட்டுவிடும் என்பது அவர்கள் கட்சி.

பேராயத்தின் ஜென்ம விரோதி கம்பப் பாகு. சர்க்கரைத் தண்ணீரில் நிறமும் எசன்ஸும் கலந்து டப்பாவில் அடைத்து, மேலே அழகாக ஒரு மேப்பிள் மரம் வரைந்திருப்பார்கள். உள்ளே மேப்பிள் ஒரு சொட்டும் இருக்காது. ரோட்டோரத்து மின்கம்பத்தில் துளை போட்டு இறக்கியது என்று எங்கள் பக்கத்தில் கேலி. அதனால்தான் அந்தப் பெயர். சேன்-ஓஸ்வால் ‘முழுத் தூய்மை ஊர்’ என்று அறிவிக்கப்பட்ட பிறகு அந்த டப்பா வீட்டில் இருப்பதே குற்றமாயிற்று.

லெயோனியின் புருஷன் ஓவிட், பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவர். ரொம்ப சாது. நாக்கைக் கட்டிக்கொண்டவர் என்று நாங்கள் அவரைப் பரிகாசம் செய்வோம், சிரித்துக்கொண்டே போய்விடுவார். வீட்டில் அவர் பட்டாணி சூப் வைத்தாலும் லெயோனி வாயில் உருட்டி, மூக்கால் இழுத்து, “இரண்டாம் ரகம்” என்பாள். பழக்க தோஷம். சூப்பை விழுங்கத்தான் விழுங்குவாள், ஆனால் தப்புச் செய்கிறவள் மாதிரி விழுங்குவாள். நல்லா இருக்கு என்ற ஒரு வார்த்தைக்காக அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

அவள் போன நவம்பரில் செத்துப்போனாள், ருசி பார்க்கும் மேசையிலேயே, வாயில் இருந்த கரண்டியை எடுப்பதற்குள். சவப்பெட்டி மேல் பேராயம் தன் தங்க முத்திரையை ஒட்டியது. எதை மூடினாலும் ஒட்டிப் பழகிய கை. கல்லறையில் தலைவர் அடெலார் கீமோன் தொப்பியைக் கழற்றிப் பேசினார்.

“நாக்கு லெயோனி அம்மையார் தம் பணிக்காலத்தில் ஒரு சொட்டுப் பாகைக்கூட அனுபவித்ததில்லை. இந்த மாவட்டத்தின் இனிப்பு முழுவதும் அவர் வாய்க்குள் போனது. முழுவதும் வெளியே வந்தது. இதைவிடத் தூய்மையான வாழ்க்கை ஏது? நாமும் அவ்வாறே வாழ்வோமாக!”

ஆமென் என்றோம். ஓவிட் மட்டும் சொல்லவில்லை.

குளிர்காலம் முழுக்க அவர் ரொட்டியும் டப்பா பீன்ஸும் தின்று காலம் தள்ளினார். மார்ச்சில், எங்கள் காய்ச்சு கொட்டகைகளில் ஆவி கிளம்பிய வாரம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவருக்கு ‘வேலையில்லாதவன் புட்டிங்’ என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் ஏழை வீட்டு இனிப்பைத் தின்ன ஆசை வந்தது. மாவைத் தட்டில் ஊற்றி, மேலே கொதிக்கும் பாகை ஊற்றி அடுப்பில் வைப்பது, எந்த முட்டாளும் செய்யலாம். லெயோனி வைத்துவிட்டுப் போன பாகு அலமாரியில் இருந்தது. அதைத் திறக்க மனசு வரவில்லை. பக்கத்து டவுனில் பனி அள்ளப் போனபோது கடையில் மரப்படம் போட்ட ஒரு டப்பாவை வாங்கி வந்திருந்தார். நாக்கின் புருஷனுக்கு அது கம்பப் பாகு என்று தெரியவில்லை. நம்பினால் நம்புங்கள், அவருக்கு எல்லாப் பாகும் ஒன்றுதான்.

புட்டிங் வெந்து வாசனை சமையலறை முழுக்கப் பரவியதும் எதிர் நாற்காலி பின்னால் நகர்ந்தது. யாரும் தெரியவில்லை. ஆனால் ஒருத்தர் உட்கார்ந்தால் நாற்காலிப் பிரம்பு எப்படி முனகுமோ அப்படி முனகியது. அறை ஜில்லென்று ஆனது. ஓவிட்டுக்கு வந்திருப்பது யார் என்று தெரிந்துவிட்டது. கடைப் பாகு வாங்கியதற்குத் திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று முதலில் பயந்துபோய் டப்பாவை மேல்சட்டைக்குள் மறைத்துக்கொண்டார். கரண்டி எழுந்தது. தட்டில் ஓரமாக ஒரு துண்டு குறைந்தது. பாகு என்றால் துப்புவாள் என்று, வீட்டில் கிடந்த அவளுடைய பழைய படிக்கத்தை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார்.

படிக்கம் காலியாகவே இருந்தது. அவர் குனிந்து குனிந்து பார்த்தார். கரண்டி மறுபடியும் எழுந்தது.

மறுநாள் லெயோனியின் தங்கை பெர்த் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அத்தான், என்ன வாசனை இது? எங்க சின்ன வயசு வாசனைல்ல?”

ஓவிட் நடந்ததைச் சொன்னார். பெர்த் சிரிக்கவில்லை. மேசையில் கையை ஊன்றி உட்கார்ந்தாள்.

“எங்கப்பா பீப்பா பீப்பாயா காய்ச்சுவாரு. ஒரு சொட்டு வீட்டுக்குக் கிடையாது. அத வித்தாத்தான் எங்களுக்கு பூட்ஸு. ரொட்டிக்குத் தொட்டுக்க கம்பப் பாகுதான். இந்த ஊர்ல எல்லா வீட்லயும் அதே கததான், ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. அக்கா டப்பாவுக்குள்ள நாக்க விட்டு நக்கி நாக்க வெட்டிக்கிட்டா. ரத்தம் ஒழுகுது, விட மாட்டேங்குறா!”

“நாக்குல ஒரு தழும்பு இருக்கும்” என்றார் ஓவிட்.

“அதேதான். ஆசையோட போனவ அத்தான். அதான் வர்றா. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. எங்கம்மா சொல்லுவாங்க, பசியோட போனதுதான் திரும்பி வரும். வயிறு ரொம்பிடுச்சுன்னா அப்புறம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது.”

அன்றிலிருந்து ஓவிட் சின்னத் தட்டில் புட்டிங் செய்ய ஆரம்பித்தார். சனிக்கிழமை தோறும் அவளுக்கு ஒரே ஒரு துண்டு. அதற்குமேல் கரண்டி தட்டைச் சுரண்டினாலும் எடுத்து மூடிவிடுவார். “அடுத்த சனிக்கெழம, லெயோனி. அடுத்த சனிக்கெழம தர்றேன்” என்பார். நாற்காலி சற்று நேரம் அப்படியே இருக்கும். பிறகு பிரம்பு தளரும். அவள் வர வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. வேறு எதுவும் வேண்டாம்.

பேராயத்தில் மோப்பக் குழு என்று ஒன்று உண்டு. மூக்குக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள். ஒரு சனிக்கிழமை அவர்கள் ஓவிட் வீட்டைத் தாண்டிப் போகும்போது வண்டி நின்றது. அடுத்த அரை மணியில் கீமோனே வந்துவிட்டார். அவரும் ஓவிட்டும் ஒரே பள்ளிக்கூடம். தனியாக இருந்தால் வாடா போடா, நாலு பேர் இருந்தால் திருவாளர். அன்றைக்கு நாலு பேர் இருந்தார்கள்.

“திருவாளர் ஓவிட், இவ்வீட்டில் பிறழ்ந்த இனிப்பின் வாசனை…” என்று ஆரம்பித்தவர், கரண்டி தானாக எழுவதைப் பார்த்தார். வாய் திறந்தபடி நின்றார். பயப்படுவார் என்று நினைத்தால் நீங்கள் பேராயத்தை அறியாதவர். அவர் முகம் பிரகாசமாயிற்று.

“நியமன ஆணைல சாவப் பத்தி ஒரு வார்த்த இல்ல!” என்று கத்தினார். “அப்ப பணி தொடருது! செத்தும் ருசி பாக்குற நாக்கு எந்த மாவட்டத்துல இருக்கு? சொல்லுங்க பாப்போம்!”

ஓவிட் டப்பாவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். கேட்க ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர் மண்டபத்தில் கூட்டம். வெள்ளை விரிப்பு, வெள்ளிப் படிக்கம், நாலு ரகத்திலும் அசல் பாகு. லெயோனியின் நாற்காலியை ஓவிட்டின் வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஓவிட் அதன் பின்னாலேயே நடந்து வந்தார். கோட்டுக்குள் ஒரு தகர டப்பியில் அவளுக்கு ஒரு துண்டு புட்டிங் வைத்திருந்தார். இத்தனை பேர் நடுவில் அவள் பசியோடு உட்கார வேண்டுமே என்று.

நாற்காலி முனகியது. கரண்டி முதல் கிண்ணத்தில் முங்கி எழுந்தது. ஒரு நொடி சும்மா இருந்தது. பிறகு ‘தூ’ என்று ஒரு சத்தம். பாகு பறந்து வந்து வெள்ளை விரிப்பில், கீமோனின் உரைக் காகிதத்தில், அவர் கழுத்துப் பட்டையில் விழுந்தது.

“துப்பிட்டாங்க!” என்று துள்ளினார் கீமோன். “விதிப்படி துப்பிட்டாங்க! கைதட்டுங்க!”

கைதட்டினோம். இரண்டாம் கிண்ணம், மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றையும் முந்தியதைவிட வேகமாகத் துப்பினாள். படிக்கத்தை ஒருமுறைகூடத் தொடவில்லை. நான் அவள் அப்பாவின் பக்கத்துக் காட்டுக்காரன். அருவருத்துத் துப்புவதற்கும் முறைப்படி துப்புவதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. பேராயத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. ‘மரணத்திற்குப் பின்னும் உறுதி செய்யப்பட்டது’ என்று புதிதாக ஒரு ரகமே அங்கேயே அறிவித்துவிட்டார்கள்.

ஓவிட்டுக்குத் தாங்கவில்லை. எழுந்து போய் தகர டப்பியைத் திறந்து அவள் முன்னால் வைத்தார்.

கரண்டி பாய்ந்தது. துண்டு கரைந்தது. டப்பியின் மூலைகளைக் கரண்டி வழித்தது.

“துப்பச் சொல்லுங்க!” என்றார் கீமோன் மெல்ல. “திருவாளர் ஓவிட், அவங்களத் துப்பச் சொல்லுங்க.”

“துப்ப மாட்டா, தலைவரே. அது கம்பப் பாகு.”

அந்த வார்த்தையை மண்டபத்தில் யாரும் உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்குள் டப்பியின் வாசனை பின்வரிசை வரை போய்விட்டது. சுவரோரம் மடித்து வைத்திருந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாக விரிந்தன. ஜில்லிப்பு காலிலிருந்து ஏறியது. எங்கோ ஒரு சின்னக் குழந்தை கொட்டாவி விட்டது, அன்றைக்குக் குழந்தைகள் ஒருவரும் மண்டபத்துக்கு வந்திருக்கவில்லை. எனக்குப் பின்னால் என் அண்ணனின் இருமல் கேட்டது. அவன் பீப்பாய் சரிந்து செத்தவன். நான் திரும்பிப் பார்க்கவில்லை, எனக்குத் தைரியம் இல்லை. செத்துப்போனவர்கள் எல்லாரும் அந்த ஒரு சின்ன டப்பியைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றது தெரிந்தது. அதில் ஒன்றும் மிச்சமில்லை. இந்த மாவட்டத்துக்கே இனிப்புக் காய்ச்சிக் கொடுத்தவர்கள், காலி டப்பியை மோந்துகொண்டு நின்றார்கள்.

கீமோனின் காதருகே யாரோ என்னவோ சொல்லியிருக்க வேண்டும். அவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. “அம்மா, இங்க வராத” என்று முணுமுணுத்ததை நான் கேட்டேன். பிறகு மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

“அன்பர்களே! இறந்தவர்கள் பேராயத்தின் உறுப்பினர்கள் அல்ல. அவர்களுடைய ருசிக்குப் பேராயம் பொறுப்பல்ல. நம் மூதாதையர் அசல் பாகையே உண்டு வளர்ந்தார்கள் என்று நாம் விளம்பரத்தில் சொல்லிவிட்டோம். ஆகவே அவர்கள் அவ்வாறே வளர்ந்தார்கள். அதற்கு மாறாக இங்கே வந்திருப்பவர்கள் நம் மூதாதையராக இருக்க முடியாது. தயவுசெய்து கலைந்து போகவும்!”

உயிரோடு இருந்த நாங்கள்தான் கலைந்தோம்.

மறுநாள் மோப்பக் குழு வீடு வீடாகப் புகுந்தது. எத்தனை வீட்டில் எத்தனை டப்பா ஒளிந்திருந்தது என்று எண்ணிப் பார்த்திருந்தால் பேராயமே அதிர்ந்திருக்கும், பாதி டப்பாக்கள் மோப்பக் குழுவினர் வீட்டிலேயே அகப்பட்டன. எல்லாவற்றையும் பேராயத்தின் பின்முற்றத்தில் பனிக்குவியல் மேல் கொட்டினார்கள். குழந்தைகளுக்கு நாங்கள் பனியில் பாகு ஊற்றி மிட்டாய் செய்து தருவோமே, அதே மாதிரி அது நீளநீளமாக உறைந்து கிடந்தது. விடிந்து பார்த்தால் ஒரு துளி இல்லை. பனி முழுக்க விரல் வழித்த தடம். பெரியதும் இருந்தது, ரொம்பச் சின்னதும் இருந்தது. பேராயம் அதன் மேல் மண் அடித்து மூடியது.

டப்பா பறிபோன ஓவிட் இரண்டு சனிக்கிழமை காலி நாற்காலி எதிரில் உட்கார்ந்திருந்தார். லெயோனியின் அசல் பாகை, அவள் அலமாரியில் வைத்ததை, மனசைக் கல்லாக்கிக்கொண்டு திறந்துகூடப் பார்த்தார். நாற்காலி அசையவில்லை. பெர்த்திடம் போய் அழுதார்.

“அழாதீங்க அத்தான்” என்றாள் பெர்த். “எனக்குப் புள்ள பொறந்தப்ப பால் ஊறணும்னு வெந்தயம் வெந்தயமா குடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? என் வேர்வ, என் தலகாணி, எல்லாம் கம்பப் பாகு வாசன. அக்கா என் தோள்ல மூக்க வெச்சுக்கிட்டே உக்காந்திருப்பா. அந்த எசன்ஸு வேற எங்கேந்து வருதுன்னு நெனச்சீங்க?”

வெந்தயம் எங்கள் ஊரில் குதிரைத் தீவனத்துக்குப் போடுவது. ஓவிட் தீவனக் கடையில் ஒரு பை வாங்கினார். கடைக்காரன் உங்களிடம் ஏது குதிரை என்று கேட்டதற்கு, வாங்கப் போவதாகச் சொன்னாராம். வெறும் சட்டியில் வறுத்து, தட்டி, பழுப்புச் சர்க்கரையோடு கொதிக்க வைத்து வடிகட்டினார். முதல் தடவை கசந்தது. அடுத்த தடவை நாற்காலி முனகியது.

அந்தச் சனிக்கிழமைதான் கதவு தட்டும் சத்தமும் கேட்டது. கீமோன் நின்றிருந்தார். கழுத்துப் பட்டை இல்லை, குழு இல்லை. பழைய கம்பளிச் சட்டை.

“பறிமுதல் பண்ண வந்தியா, அடெலார்?”

“உள்ள விடுடா” என்றார் கீமோன். “எங்கம்மா அன்னைக்கு மண்டபத்துல… என் காதப் புடிச்சு, ‘எனக்கு ஒரு வாய் வாங்கிக் குடுடா’ன்னா. நான் மைக்கப் புடிச்சுட்டேன். அன்னேலேந்து தூக்கமில்ல. ஒரே ஒரு தடவடா ஓவிட்.”

ஓவிட் இன்னொரு நாற்காலி போட்டார். அது உடனே முனகியது. கீமோன் புட்டிங் தட்டைத் தன் பக்கம் இழுத்துத் துண்டு துண்டாக அம்மாவுக்கு வைத்தார்.

“கொஞ்சமா போடு” என்றார் ஓவிட். “சொன்னாக் கேளு, கொஞ்சமா போடு.”

“கொஞ்சமா போட இது என்ன பேராயமா? சாப்புடும்மா. உனக்குத்தான், எல்லாம் உனக்குத்தான்.”

அம்மா தின்றாள். தட்டைக் காலி செய்தாள். ரொட்டிப் பொருக்கு ஒன்று எழுந்து தட்டைச் சுற்றி வழித்தது. கீமோனின் முன்னந்தலை மயிர் யாரோ கோதிவிட்ட மாதிரி ஒருமுறை ஒதுங்கியது. பிறகு பிரம்பு தளர்ந்தது, அந்தப் பக்கத்து ஜில்லிப்பு போய்விட்டது.

“அம்மா?” என்றார் கீமோன். “எங்கடா போனா?”

“வயிறு ரொம்பிடுச்சு. இனிமே வர மாட்டா. அதான் கொஞ்சமா போடுன்னேன்.”

கீமோன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிரில் லெயோனியின் தட்டைப் பார்த்தார். ஒரே துண்டு வைத்த தட்டு. கரண்டி அதைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. மூடி வைத்த பாத்திரத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எதையும் ரகம் பிரித்துப் பழகிய ஆள் அல்லவா.

“அப்ப நீ இவள வேணும்னே பட்டினி போட்டு வெச்சிருக்க” என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, ஆச்சரியமாகச் சொன்னார். “எங்களாலகூட இவ்வளவு நல்லா செய்ய முடியலடா.”

அவர் போன பிறகு ஓவிட் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வெளிச்சம் இன்னும் இருந்தது. காட்டில் கடைசிச் சொட்டுகள் வாளியில் விழுந்துகொண்டிருந்தன. கரண்டி சுரண்டுவதை நிறுத்திவிட்டுத் தட்டோரம் படுத்திருந்தது, அடுத்த சனிக்கிழமைக்கு ஒத்துக்கொண்ட மாதிரி. அவள் அப்பா ஒரு சொட்டு கொடுக்கவில்லை. பேராயம் ஒரு சொட்டு விழுங்க விடவில்லை. இப்போது நான், என்று நினைத்தாராம். இதை அவரே என்னிடம் சொன்னார்.

எழுந்து வீட்டிலிருந்த பெரிய தட்டை எடுத்தார். மீதி மாவு முழுவதையும் கரைத்தார், மீதி வெந்தயப் பாகு முழுவதையும் ஊற்றினார். வெந்ததும் வெட்டாமல், பரிமாறாமல், தட்டோடு அவள் பக்கம் தள்ளினார்.

“சாப்புடு லெயோனி. எல்லாமே உனக்குத்தான்.”

அவள் அவசரப்படவில்லை. நடுவில் ஒருமுறை கரண்டி நின்று, ஒரு துண்டை எடுத்து, அவர் வாய் வரைக்கும் வந்தது. வாங்கிக்கொண்டார். அதன் பிறகு கடைசி வரை அவள்தான் சாப்பிட்டாள். நாற்காலி தளர்ந்தபோது அவர் ‘போய்ட்டு வா’ என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பொய்யாகிவிடும் என்று தோன்றியதாம்.

செவ்வாய்க்கிழமை பேராயம் முழு ஊர்வலமாக ஓவிட் வீட்டுக்கு வந்தது. மோப்பக் குழு அறை அறையாக மோந்தது. சமையலறையில் அந்த நாற்காலியைத் தலைகீழாகக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்கள். வாசனை இல்லை, ஜில்லிப்பு இல்லை. வாசலில் தங்க முத்திரையை ஒட்டினார்கள். நாங்கள் எல்லாரும் தெருவில் நின்றோம். பெர்த் வரவில்லை. ஓவிட் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார். கீமோன் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், பேராயத்தின் தீர்ப்பை உரக்கப் படித்தார்.

“வாழ்த்துகள், திருவாளர் ஓவிட். சோதித்துப் பார்த்துவிட்டோம். இந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை.”